புயல் நாளில் அலிகேட்டர் என்ன செய்யும்?

கும்மிருட்டு. தொட்டி நீரில் பாதி மூழ்கியபடி, முதலை வகையைச் சேர்ந்த ஓர் இளம் அலிகேட்டர் அசையாமல் கிடக்கிறது. நீரின் மேல் ஒரே ஒரு துளி விழுகிறது. கண்ணுக்கு எதுவும் தெரியாத அந்த இருட்டிலும் அது சட்டென்று தலையைத் திருப்பி, துளி விழுந்த திக்கைப் பார்க்கிறது. டாஃப்னி சோரெஸ் என்ற உயிரியலாளர் இந்தச் சோதனையைச் செய்து, முடிவை 2002-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். அதே விலங்கின் முகத்தில் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தைப் பூசிவிட்டுத் துளியை விழவைத்தபோது, அது திரும்பவே இல்லை.

ரகசியம் அதன் முகத்தில் இருக்கிறது. அலிகேட்டரின் தாடையோரம் முழுக்க மிளகைத் தூவியதுபோல் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் நரம்பு முனைகள் கொத்தாக வந்து முடிகின்றன. நீர்ப்பரப்பில் எழும் மிகச் சிறிய அலையின் அழுத்தத்தைக்கூட அவை உணர்ந்து மூளைக்குச் சொல்லிவிடும். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் 2012-ல் நடந்த ஆய்வு, இந்தப் புள்ளிகளின் தொடு உணர்வு மனித விரல்நுனியையும் மிஞ்சக்கூடியது என்று காட்டியது. கவசம் போர்த்திய அந்த முரட்டு முகம், உயிருலகின் மிக நுட்பமான தொடு கருவிகளில் ஒன்று.

இந்த விலங்கைப் புயலோடு சேர்த்துப் பயமுறுத்திய படம் ‘கிரால்’. அலெக்சாண்டர் ஆஜா இயக்கி 2019-ல் வெளிவந்தது. ஃபுளோரிடாவை ஐந்தாம் வகைப் புயல் தாக்குகிறது. அதாவது காற்று மணிக்கு 252 கிலோமீட்டருக்குக் குறையாது. பல்கலைக்கழக நீச்சல் வீராங்கனையான ஹேலி, போனை எடுக்காத அப்பாவைத் தேடிப் போகிறாள். வீட்டுத் தரைக்கு அடியில், ஊர்ந்தால் மட்டுமே நகர முடிகிற தாழ்வான இடைவெளியில் அவர் அடிபட்டுக் கிடக்கிறார். மழைநீர் வடிகால் வழியாக அலிகேட்டர்கள் உள்ளே வந்துவிட்டன. தண்ணீர் ஏற ஏற, மனிதருக்கு இருக்கும் இடம் குறைகிறது. அவற்றுக்கு இருக்கும் இடம் கூடுகிறது. பதற்றத்தை இவ்வளவு எளிய கணக்கில் கட்டிய படங்கள் குறைவு. ஆனால் அதில் எவ்வளவு உண்மை?

முதலில், உண்மையான பகுதி. ஃபுளோரிடாவில் சுமார் 13 லட்சம் அலிகேட்டர்கள் இருப்பதாக அந்த மாநிலத்தின் வனவிலங்குத் துறை மதிப்பிடுகிறது. 67 மாவட்டங்களிலும் உண்டு. தோலுக்காக வேட்டையாடப்பட்டு அருகியதால் 1967-ல் அழிவின் விளிம்பில் உள்ள விலங்குகளின் பட்டியலில் ஏறி, சட்டம் காப்பாற்றியதால் 1987-ல் அதிலிருந்து இறங்கிய விலங்கு இது. சதுப்பு நிலத்தை வடித்து வீடு கட்டிய மாநிலம் ஃபுளோரிடா. குளம், கால்வாய், வடிகால் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்தவை. 2023-ல் ஓவியேடோ நகரில் வடிகால் குழாயைச் சோதிக்க அனுப்பிய கேமரா ரோபோவின் எதிரே ஓர் ஐந்தடி அலிகேட்டர் உட்கார்ந்திருந்தது. ஆக, வடிகால் வழியாக வருவது கற்பனை அல்ல.

வெள்ளத்தில் தாக்குவதும் நடந்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 29 அன்று ஐடா புயல் லூசியானாவைத் தாக்கியது. ஸ்லைடல் நகருக்கு அருகே, தன் வீட்டைச் சூழ்ந்த வெள்ளநீரில் இறங்கிய ஒரு முதியவரை அலிகேட்டர் கவ்வியது. அவர் மனைவி சிறு படகில் உதவி தேடிப் போய்த் திரும்புவதற்குள் அவரைக் காணவில்லை. இரண்டு வாரம் கழித்து, சுமார் 12 அடி நீள அலிகேட்டர் ஒன்று பிடிபட்டபோதுதான் அவருக்கு நேர்ந்தது உறுதியானது. ஒரு குடும்பத்தின் ஆறாத துயரம் இது. இப்படி நடக்கவே நடக்காது என்று சொல்வது பொய்யாகிவிடும்.

படத்திலிருந்து அறிவியல் விலகும் இடம் வேறு. படத்தின் அலிகேட்டர்கள் களைப்பே அறியாமல் ஒருவர் மாற்றி ஒருவரைத் துரத்துகின்றன. நிஜ அலிகேட்டரின் உடல் அதற்கென்று ஆனது இல்லை. அது குளிர் ரத்த விலங்கு. உடல் வெப்பத்துக்கு வெயிலையும் நீரையும் நம்பியிருக்கிறது. உணவை எரித்துச் சூடு உண்டாக்கத் தேவையில்லாததால், வாரக்கணக்கில், சமயத்தில் மாதக்கணக்கில்கூட, சாப்பிடாமல் தாங்கும். ஒரு பெரிய இரை கிடைத்தால் உடனே அடுத்ததைத் தேடி ஓட அதற்கு ஒரு காரணமும் இல்லை.

அதன் பாய்ச்சலும் கடியும் பயங்கரமானவைதான். கிரிகரி எரிக்சன் என்ற ஆய்வாளர் ஒரு பெரிய அலிகேட்டரின் கடியை அளந்தபோது கருவி 2,125 பவுண்டு காட்டியது. ஏறக்குறைய 960 கிலோ எடையை அதன் தாடை ஒரே நொடியில் இறக்குகிறது. ஆனால் தாடையை மூடும் தசைக்குத்தான் இந்தப் பலம். திறக்கும் தசை மிகப் பலவீனமானது. அதனால்தான் பிடிப்பவர்கள் அதன் வாயைச் சுற்றி ஒட்டும் டேப்பால் கட்டிவிடுகிறார்கள்.

பாய்ச்சலுக்கான ஆற்றலும் கடன் வாங்கியதே. முதலை வகை விலங்குகள் திடீர் வேகத்தில் பாயும்போது தசைகள் ஆக்சிஜன் இல்லாமலே வேலை செய்கின்றன. அதற்கு விலையாக ரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. 1985-ல் ஆஸ்திரேலியாவின் உப்புநீர் முதலைகளை வைத்து நடந்த ஆய்வில், உருவம் பெரிதாகப் பெரிதாக அந்த அமிலச் சுமையும் கூடுவது தெரிந்தது. நீண்ட நேரம் திமிறிய பெரிய முதலை பழைய நிலைக்கு வர மணிக்கணக்கில் ஆகும். சில நொடிகள் மின்னலாக இருந்துவிட்டு, நீண்ட நேரம் கல்லாகக் கிடப்பதுதான் அதன் வாழ்க்கை முறை. நாம் அஞ்சும் அந்த அசைவின்மை, கோடிக்கணக்கான ஆண்டுகளாக அதை வாழவைத்த சிக்கனம்.

படத்தில் ஹேலி வடிகாலுக்குள் முட்டைகளைப் பார்க்கிறாள். உண்மையில் தாய் அலிகேட்டர் கூடு கட்டுவது வெட்டவெளியில். புல், இலை, சேறு எல்லாம் சேர்த்து நீரோரமாக ஒரு மேடு எழுப்பும். அந்தக் குப்பை மக்கும்போது எழும் சூடும் வெயிலும்தான் முட்டையை அடைகாக்கின்றன. குஞ்சு ஆணா பெண்ணா என்பதையும் அந்தச் சூடே தீர்மானிக்கிறது: 30 டிகிரி செல்சியஸும் அதற்குக் கீழும் போனால் பெண், 33-ஐ ஒட்டி இருந்தால் ஆண். சிமென்ட் குழாயின் இருட்டில் இந்த அடுப்பு எரியாது. ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் இட்ட முட்டைகள் ஆகஸ்ட் இறுதியிலும் செப்டம்பரிலும் பொரிக்கின்றன. அட்லாண்டிக் புயல்கள் உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். நீர் ஏறிக் கூடு மூழ்கினால் முட்டைக்குள் இருக்கும் உயிர் மூச்சுமுட்டிச் சாகும். புயல் என்பது தாய் அலிகேட்டருக்கு வேட்டைக் காலம் அல்ல. ஓராண்டின் வம்சமே அழியக்கூடிய காலம்.

பெரிய விலங்குகளுக்கும் புயல் சுகமானதல்ல. காற்று உறுமும்போது அவை பொதுவாக ஆழமான நீரிலோ கரையில் தோண்டிய வளையிலோ பதுங்கிவிடும். மூச்சைப் பிடித்து நீண்ட நேரம் அடியில் கிடக்க அவற்றால் முடியும். நுரையீரலைத் தசைகளால் முன்னும் பின்னும் நகர்த்தி, நீர் சிலிர்க்காமல் முங்கவும் மிதக்கவும் உடலைச் சாய்க்கும் வித்தையும் தெரியும்.

அவற்றை உண்மையில் வதைப்பது உப்பு. முதலைகளின் நாக்கில் அதிகப்படி உப்பை வெளியேற்றும் சுரப்பிகள் உண்டு. அலிகேட்டருக்கு அப்படிச் செயல்படும் சுரப்பி இல்லை. புயல் தள்ளிவரும் கடல்நீர் நன்னீர்ச் சதுப்பில் புகுந்து தேங்கினால், அதற்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. 2005 செப்டம்பரில் ரீட்டா புயல் தாக்கியபின் தென்மேற்கு லூசியானாவின் அலிகேட்டர்களைப் பிடித்து ஆராய்ந்தவர்கள், அவற்றின் ரத்தத்தில் நெருக்கடிக் காலத்தில் சுரக்கும் கார்டிகோஸ்டீரோன் என்ற ஹார்மோன் கூடியிருந்ததைக் கண்டார்கள். வெள்ளத்தில் வீட்டு வாசலுக்கு வரும் அலிகேட்டர் பெரும்பாலும் இடம்பெயர்ந்த ஒரு விலங்கு. நம்மைப் போலவே அதுவும் காலூன்ற ஓர் இடம் தேடுகிறது.

அப்படியானால் அந்த வெள்ளத்தில் எதற்கு அஞ்ச வேண்டும்? எட்வர்ட் ராப்பபோர்ட் என்ற வானிலை நிபுணர், 1963 முதல் 2012 வரை அமெரிக்காவில் அட்லாண்டிக் புயல்களால் நேரடியாக நேர்ந்த மரணங்களைத் தொகுத்துப் பார்த்தார். ஏறத்தாழ 90 சதவீதம் நீரால் நேர்ந்தவை. அதில் பெரும்பங்கு, புயல் கரைமேல் தள்ளும் கடல்நீரால். மறுபக்கம், ஃபுளோரிடா முழுவதிலும் மருத்துவ சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு அலிகேட்டர் வலியவந்து கடிப்பது ஆண்டுக்குச் சராசரியாக எட்டு முறைதான். பல்லைப் பார்த்து நடுங்கும் நாம், பல்லில்லாத தண்ணீரை முழங்கால் ஆழம்தானே என்று நினைத்து இறங்கிவிடுகிறோம். ஓடும் வெள்ளம் காரையே தூக்கிவிடும். திறந்து கிடக்கும் சாக்கடை மூடி கண்ணுக்குத் தெரியாது. அறுந்த மின்கம்பி எச்சரிக்காது. ‘கிரால்’ படத்தில் மிக உண்மையான காட்சி எதுவென்று கேட்டால், வெளியேறச் சொல்லி உத்தரவு வந்தபின் போலீஸ் தடுப்பைத் தாண்டி ஹேலி கார் ஓட்டிப்போகும் காட்சியைத்தான் சொல்வேன். பாசத்தால் செய்கிறாள். புயலில் மாண்ட எத்தனையோ பேர் அப்படி ஒரு நியாயமான காரணத்துக்காகத்தான் பின்தங்கினார்கள்.

இது நமக்கும் தொலைவான கதை இல்லை. 2015 பெருவெள்ளத்தில், முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற வதந்தி சென்னையைக் கலங்கடித்தது, எதுவும் தப்பவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பெருங்களத்தூர் பக்கம் ஒரு முதலை சாலையைக் கடந்த வீடியோ வந்தது, அது உண்மை. சென்னையைச் சுற்றியுள்ள நீர்நிலைகளில் நன்னீர் முதலைகள் நெடுங்காலமாகவே வாழ்கின்றன. மனிதரைக் கண்டால் ஒதுங்கும் சுபாவம் அவற்றுக்கு. ஏரி நிரம்பி வழிந்ததும் நீர் போன பாதையில் அந்த முதலையும் போயிற்று. அந்தப் பாதையில் இப்போது நாம் சாலை போட்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

வெள்ளத்தில் முதலையைப் பார்த்தால் கம்போடு கூட்டம் கூடக் கூடாது. விலகி நின்று வனத்துறைக்குத் தகவல் சொன்னால் போதும். இரவில் வெள்ளநீரில் இறங்கவே கூடாது. வெளியேறு என்ற அறிவிப்பு வந்தால், வீட்டில் இருக்கும் முதியவர்களோடும் வளர்ப்பு விலங்குகளோடும் வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிட வேண்டும். பயத்தை இடம் பார்த்து வைக்கக் கற்றுக்கொண்டால் மனித உயிரும் மிஞ்சும், அந்த முதலையும் மிஞ்சும். ஒரு துளி நீரின் அதிர்வைக்கூட முகத்தால் அறியும் உயிர் அது. நாம் கொஞ்சம் வழிவிட்டால் போதும், தன் நீருக்குத் தானே போய்விடும்.