கூச்சமல்ல, குணமாகும் நோய்

வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கிறார்கள். தன் பெயர் வர இன்னும் நான்கு பேர் இருக்கும்போதே ஒரு மாணவிக்கு நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. 'உள்ளேன் ஐயா' என்ற இரண்டு சொல் தொண்டையை விட்டு வர மறுக்கிறது. பதில் தெரிந்த கேள்விக்கும் தலைகுனிந்து நிற்கிறாள். செமினார் நாளில் வயிற்றுவலி என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறாள். 'கூச்ச சுபாவம், போகப்போகச் சரியாகிவிடும்' என்கிறோம் நாம்.

ஏனாத்தூர், உத்திரமேரூர் வட்டாரக் காலனிகளிலிருந்து குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் பலர். அவர்களில் யாராவது இப்படி ஒடுங்கிப்போனால், அதைச் சுபாவம் என்று விட்டுவிடக் கூடாது. அது சமூகப் பதற்றக் கோளாறாக இருக்கலாம்.

நோய் எப்போது?

மேடை ஏறும் முன் கால் நடுங்குவது யாருக்கும் வரும், அது நோயல்ல. நாலு பேர் நம்மைப் பார்ப்பார்கள், குறை சொல்வார்கள், சிரிப்பார்கள் என்ற பயம் 6 மாதம் அல்லது அதற்கு மேலும் நீடித்து, படிப்பையும் வேலையையும் பழக்கவழக்கத்தையும் கெடுத்தால்தான் மருத்துவர்கள் அதைக் கோளாறு என்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980இல் இதைத் தனி நோயாகத் தன் பட்டியலில் சேர்த்தது. பெரும்பாலும் வளரிளம் பருவத்தில் தொடங்குகிறது. பரம்பரை, வளர்ப்பு, பட்ட அவமானம் என்று காரணங்கள் பல. எந்தச் சாதியிலும் வரும்.

ஆனால் நம் பிள்ளைகளின் முதுகில் கூடுதலாக ஒரு சுமை இருக்கிறது. 2003இல் உத்தரப்பிரதேசக் கிராமம் ஒன்றில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு ஆய்வாளர்கள் 6, 7ஆம் வகுப்புச் சிறுவர்களிடம் காகிதத்தில் வரைந்த வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். சரியாகப் போட்டால் காசு. சாதியைச் சொல்லாதபோது இரு தரப்புப் பிள்ளைகளும் ஏறக்குறைய சமமாகப் போட்டார்கள். எல்லோர் முன்னிலையிலும் சாதியை வாசித்தபிறகு, தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் பின்தங்கினார்கள். அதே புதிர், அதே மூளை. மாறியது சபையில் சொல்லப்பட்ட ஒரு சொல்தான்.

இது பதற்றக் கோளாறு பற்றிய ஆய்வல்ல. ஆனாலும் 'எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க' என்று உதவித்தொகைக்காக வகுப்பில் எழுப்பப்பட்டவர்களுக்கு இதன் பொருள் சட்டென்று விளங்கும். ஏற்கெனவே பிறர் பார்வைக்கு அஞ்சும் பிள்ளையை அந்த ஒரு நிமிடம் இன்னும் உள்ளே தள்ளிவிடும். வருகைப்பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது, ஆசிரியர் சாதியைக் குறித்து மாணவரை அழைக்கக் கூடாது என்று நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அரசுக்குப் பரிந்துரைத்ததை இங்கே நினைக்க வேண்டும்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அடி விழும் என்று தெரிந்த தெருவில் பயப்படுவது நோயல்ல. அங்கே தேவைப்படுவது மாத்திரை அல்ல, 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம்.

என்ன சிகிச்சை?

பேச்சுவழிச் சிகிச்சை நல்ல பலன் தருகிறது. 'எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள்' என்ற எண்ணம் உண்மைதானா என்று சோதித்துப் பார்க்கக் கற்றுத்தருவார்கள். பயந்த காரியத்தைச் சிறு சிறு படிகளாகச் செய்யப் பழக்குவார்கள். பஸ்ஸில் நடத்துநரிடம் தானே டிக்கெட் கேட்பது முதல் படி. கடையில் விலை விசாரிப்பது அடுத்தது. பிறகு வகுப்பில் ஒரு சந்தேகம் கேட்பது. விலகி ஓட ஓடப் பயம் வளரும். நின்று பழகப் பழகக் குறையும். தேவைப்பட்டால் மனநல மருத்துவர் மாத்திரை தருவார். அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். நாமாக நிறுத்தக் கூடாது. தைரியத்துக்காகக் குடிப்பது ஒரு நோயை இரண்டாக்கும்.

மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். போக வெட்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

உத்திரமேரூர்க் கல்வெட்டைக் குடவோலைத் தேர்தலுக்காகப் பெருமையோடு பேசுகிறோம். பராந்தகச் சோழன் காலத்து அந்தச் சபையில் உட்கார சொந்த நிலமும் சொந்த மனையும் வேண்டும். நிலமில்லாத நம் முன்னோருக்கு அங்கே வாய் திறக்க இடமில்லை. இன்று கிராமசபையில் நம் பிள்ளைக்குச் சட்டப்படி இடம் இருக்கிறது. எழுந்து நின்று 'எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை' என்று ஒரு வாக்கியம் சொல்ல அவளுக்குக் குரல் வர வேண்டும். அதற்கு முதலில், வீட்டில் அவளை 'ஊமை' என்று கேலி செய்வதை நாம் நிறுத்துவோம்.