கடமான் தலை: காதுத் தோல் கழல்வது ஏன்?

மானின் காது, குருத்தெலும்பின் இருபுறமும் தோல் போர்த்திய மெல்லிய மடல். விலங்குத் தலையைப் பாடம் செய்பவர்கள் குருத்தெலும்பை உரித்தெடுத்து, அதே வடிவில் ஈயத் தகடு, காகிதக் கூழ், இக்காலத்தில் பிளாஸ்டிக் அச்சு என ஏதேனும் ஒன்றைச் செருகுவார்கள். தோல் காயும்போது சுருங்கும். அச்சோடு பிடிக்காத இடத்தில், முக்கியமாக உட்குழிவில், பறைத்தோல் போல விறைத்து எழும்பிவிடும். விரல் நுனியால் தட்டினால் வெற்றிடத்தின் ஓசை கேட்கும்.

பெரும்பாலும் குறை தொடக்கத்திலேயே நேர்கிறது: தோலின் உட்புறத்தில் சவ்வும் கொழுப்பும் மிஞ்சியிருக்கும், அல்லது வழவழப்பான அச்சை உப்புத்தாளால் தேய்க்காமல் பசை பூசியிருப்பார்கள். பசை பூசியபின் காற்றுக்குமிழ்களை விளிம்பு நோக்கித் தள்ளி, அட்டைத் துண்டுகளால் இருபுறமும் கவ்வி, மெல்ல உலர விடுவதே சரியான முறை. மைசூரில் 1999 வரை விலங்குகளைப் பாடம் செய்துவந்த வான் இங்கன் பட்டறையின் புகழுக்கு இத்தகைய பொறுமையும் ஒரு காரணம்.

மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள திரிங்காப் போன்ற ஊர்களில் காற்றின் ஈரம் ஏறி இறங்குவதால் தோல் ஓயாமல் விரிந்து சுருங்கும். நல்ல ஒட்டும் தளரும். ஈரப்பதம் சீரான அறையே பாதுகாப்பு.

கழன்ற தோலை ஈரப் பஞ்சால் சற்றே இளக்கி, ஊசிவழியே பசை செலுத்தி, மறுபடி கவ்வ வேண்டும். ஈரம் மிகுந்தால் மயிர் உதிரும். பழைய தோல்களில் ஆர்செனிக் கலந்திருக்கலாம். கையுறை இன்றித் தொடக்கூடாது.