தோற்ற களத்தில் கிண்ணம் பெற்ற ஆசான்

ஈப்போவில் உள்ளது பேராக் விளையாட்டரங்கு. அங்கே ஆட்டம் காண்போர் கோல் அடித்தவரைப் புகழ்வது இயல்பு. கோட்டுக்கு வெளியே நிற்கும் பயிற்சியாளரின் பெயரோ, பெரும்பாலும் தோல்வியின்போதுதான் நினைவுக்கு வருகிறது.

ஆட்டக்காரரின் திறமை அவர் காலில் உள்ளது. பயிற்சியாளரோ தம் அறிவைப் பிறர் கால்களின் வழியே செயற்படுத்த வேண்டியவர். ஆகவே, நன்றாக ஆடியவர் எல்லாரும் நல்ல ஆசான் ஆகிவிடுவதில்லை. இரண்டிலும் தேறிய மலேசியத் தமிழர் கே. ராஜகோபால். 1956-இல் பிறந்த இவர் சிலாங்கூருக்கும் தேசிய அணிக்கும் ஆடிப் பெயர் பெற்றவர்.

2009-இல் தேசிய அணியின் பொறுப்பு இவரிடம் வந்தது. அவ்வாண்டு வியந்தியானில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில், இவர் வழிநடத்திய இளையோர் அணி வியட்நாமை 1-0 என வென்று, 20 ஆண்டுகளுக்குப் பின் தங்கம் கொணர்ந்தது.

மறு ஆண்டு சுசுகி கிண்ணப் போட்டி. டிசம்பர் 1-இல் ஜகார்த்தாவில், இந்தோனேசியாவிடம் மலேசியா 1-5 எனத் தோற்றது. தொடங்கிவிட்ட போட்டியில் புதியவரைச் சேர்க்க வழியில்லை. இருந்தவர்களையே தேற்றி எழுப்ப வேண்டும். அவ்வணியே லாவோசை 5-1 என வென்றது. அரையிறுதியில் வியட்நாமை வீழ்த்தியது. இறுதியில் மீண்டும் இந்தோனேசியாவை எதிர்கொண்டது.

இறுதிச் சுற்று இரு ஆட்டங்களைக் கொண்டது. இரண்டின் கோல்களையும் கூட்டியே வெற்றி முடிவாகும். டிசம்பர் 26-இல் புக்கிட் ஜாலிலில் மலேசியா 3-0 என வென்றது. சபி சாலி இரு கோல்களும் அஷாரி சம்சுடின் ஒரு கோலும் அடித்தனர். 29-இல் ஜகார்த்தாவில் 1-2 எனத் தோற்றும், மொத்தக் கணக்கில் 4-2 என வென்று, மலேசியா முதன்முறையாக அக்கிண்ணத்தைப் பெற்றது.

ராஜகோபாலுக்கு முன்பு அப்பதவியில் இருந்தவர் பி. சத்தியநாதன். 2009-இல் ஐக்கிய அரபுச் சிற்றரசுகளிடம் 0-5 எனத் தோற்றதையடுத்து அவர் பதவி இழந்தார். ஆனால், 2010-இல் கிளந்தானுக்கு முதல் மலேசியக் கிண்ணத்தைப் பெற்றுத் தந்தவரும் அவரே. பயிற்சியாளர் சங்கத்தின் தலைவராக நிருவாகப் பணியும் ஆற்றினார்.

ஒரு தோல்வி ஆசானின் தகுதிக்கு அளவுகோல் ஆகாது என்பதற்கு இருவருமே சான்று. ஐந்து கோல் வாங்கிய அன்றே ராஜகோபாலைக் கைவிட்டிருந்தால், 28 நாள் கழித்து அதே களத்தில் அவர் கிண்ணம் பெறுவதை நாடு கண்டிருக்காது.