பழைய துப்பாக்கியும் அதன் சிறு திருகுகளும்

சைக்கிளில் ஒரு மரை தொலைந்துபோனால் நாம் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. கடைக்குச் சென்று அதே அளவில் வேறொன்று வாங்கி முடுக்கிக்கொள்கிறோம். ஆனால் சுமார் 170 ஆண்டுகளுக்கு முன் கையால் செய்யப்பட்ட ஓர் இராணுவத் துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டுபவருக்கு இந்த வசதி கிடையாது. அதிலுள்ள ஒவ்வொரு திருகுக்கும் உரிய துளை ஒன்றே ஒன்றுதான். இது ஏன்? அருங்காட்சியகங்களில் இத்தகைய துப்பாக்கிகளை எவ்வாறு கழற்றிப் பேணுகிறார்கள்?

1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ரைபிளை எடுத்துக்கொள்வோம். பிரிட்டிஷ் படையினர் பயன்படுத்திய இதன் குழல் சுமார் 99 சென்டிமீட்டர் நீளம். குழலின் உள்விட்டம் 0.577 அங்குலம், அதாவது சுமார் 14.7 மில்லிமீட்டர். மருந்தும் குண்டும் குழலின் வாய் வழியாகவே இடப்படும். 1857இல் இந்தியச் சிப்பாய்களிடையே கொந்தளிப்பை உண்டாக்கிய கொழுப்புத் தடவிய தோட்டாக்கள் இந்த ரைபிளுக்கு உரியவையே.

இதன் இயக்கம் எளியது. விசையை அழுத்தினால் குதிரை விழுந்து, நிப்பிளின் மேல் செருகியுள்ள செப்புக் கேப்பை அடிக்கிறது. கேப்பில் எழும் பொறி நிப்பிளின் துளை வழியே குழலுக்குள் பாய்ந்து மருந்தைப் பற்றவைக்கிறது. குதிரையை இயக்கும் வில்லும் நெம்புகளும் ஓர் இரும்புத் தகட்டின் உட்புறத்தில் அமைந்துள்ளன. இத்தொகுதிக்குப் பூட்டு என்று பெயர். இரண்டு நீண்ட திருகுகள் மரக்கட்டையை ஊடுருவிச் சென்று பூட்டைப் பிடித்திருக்கின்றன.

ஒவ்வொன்றும் ஓர் அளவு

தொடக்க காலத்தில் பர்மிங்காம், லண்டன் நகரங்களின் பட்டறைகளில் பல கைவினைஞர்கள் இத்துப்பாக்கியின் பாகங்களைத் தனித்தனியே செய்தனர். இறுதியில் ஒருவர் அவற்றை அரத்தால் இராவி ஒன்றோடொன்று பொருத்தினார். திருகின் புரிகளும் பட்டறைக்குப் பட்டறை வேறுபட்டன. ஜோசப் விட்வொர்த் 1841இல் பொதுவான புரி அளவை முன்மொழிந்திருந்தும் துப்பாக்கிப் பட்டறைகள் பழைய வழக்கத்தை எளிதில் விடவில்லை. எனவே ஒரே பூட்டிலுள்ள இரு திருகுகள் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினாலும் நீளத்திலோ தடிப்பிலோ மயிரிழை வேறுபாடு இருக்கலாம். இடம் மாற்றி முடுக்கினால் துளையின் புரி அழிந்துவிடும். அதை மீட்க வழியில்லை.

கழற்றுவதற்கு முன்

முதலில் குழல் காலியா என்று பார்க்க வேண்டும். வாய் வழியே மருந்திடும் பழைய துப்பாக்கிகள் சில, குண்டும் மருந்தும் இருக்கும் நிலையிலேயே பரணில் கிடந்ததுண்டு. கரிமருந்து ஈரம் படாதிருந்தால் நூறாண்டு கடந்தும் தீப்பற்றும். ஒரு மரக்கோலைக் குழலுக்குள் அடிவரை செலுத்தி, வாயருகே அடையாளமிட்டு வெளியே எடுத்து, அதைக் குழலின் வெளிப்புறத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். கோல் நிப்பிள் உள்ள இடம்வரை எட்டாவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. அப்போது வேலையை நிறுத்தி வல்லுநரை அழைப்பதே முறை.

அடுத்தது திருப்புளி. சாதாரணத் திருப்புளியின் முனை ஆப்புப் போலச் சரிவானது. திருகின் பிளவுக்குள் அதைத் திருப்பும்போது விசையின் ஒரு பகுதி சரிவின் வழியே மேல்நோக்கித் திரும்புகிறது. முனை நழுவிப் பிளவின் விளிம்பைச் சிதைக்கிறது. எனவே முனையின் இரு முகங்களும் இணையாக இருக்கும்படி தீட்டி, பிளவின் அகலத்தையும் ஆழத்தையும் முழுதும் நிரப்பும் திருப்புளியையே பயன்படுத்துவர்.

கழற்றும் வரிசை

குதிரையைப் பாதி இழுத்த நிலையில் நிறுத்தினால் அது நிப்பிளைத் தொடாமல் விலகி நிற்கும். பிறகு பூட்டின் இரு திருகுகளையும் சில சுற்றுகள் மட்டும் தளர்த்தி, அவற்றின் தலைகளை மரச் சுத்தியால் மாறிமாறி மெல்லத் தட்ட வேண்டும். அப்போது தகடு மரத்திலிருந்து நேராக வெளியே வரும். கத்தியால் நெம்பினால் மரத்தின் விளிம்பு பெயர்ந்துவிடும்.

பூட்டின் பெரிய வில் சுருள் அல்ல; மடித்த எஃகுப் பட்டை. பூட்டைத் துப்பாக்கியிலிருந்து எடுத்த பின், குதிரையை முழுதும் இழுத்து, வில்லை அதற்குரிய இடுக்கியால் பிடித்துக்கொண்டு, குதிரையை மெல்லத் தளர்த்தினால் வில் விடுபடும். இடுக்கியின்றி நெம்பினால் வில் முறியலாம். தெறித்துக் கண்ணையும் தாக்கலாம்.

கழற்றிய திருகுகளை ஒரே கிண்ணத்தில் போடுவது பெரும் பிழை. ஓர் அட்டையில் பூட்டின் படத்தை வரைந்து, திருகு இருந்த இடத்திலேயே துளையிட்டு அதைச் செருகி வைப்பர். பாகங்களின் உட்புறத்தில் அரத்தால் இட்ட சிறு வெட்டுகள் காணப்பட்டால் அவற்றையும் குறித்துக்கொள்வர். எந்தப் பாகம் எதனோடு சேரும் என்று அன்றைய கைவினைஞர் விட்டுச்சென்ற அடையாளங்கள் அவை. தேய்த்துப் பளபளப்பாக்கினால் அவையும் மறைந்துவிடும்.

துருவின் பிடி

பெரும்பாலும் முரண்டு பிடிப்பது நிப்பிள்தான். கேப்பும் மருந்தும் எரிந்து விடும் எச்சங்கள் ஈரத்தை ஈர்த்து இரும்பை அரிக்கின்றன. இரும்பு துருவாகும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கும் மேலாகிறது. புரிகளுக்கிடையே வேறு இடமில்லாததால் துரு ஆப்புப் போல இறுகிவிடுகிறது.

இதற்கு மருந்து பொறுமையே. மெல்லிய ஊடுருவும் எண்ணெயைச் சில துளிகள் விட்டு நாட்கணக்கில் காத்திருந்தால், நுண்புழை ஈர்ப்பால் அது புரிகளுக்குள் இறங்கும். நிப்பிளின் சதுர அடிப்பகுதியில் சரியாகப் பொருந்தும் சாவியைக் கொண்டு, முதலில் மிகச் சிறிதளவு முடுக்கும் பக்கமாகவும் பின்னர் கழற்றும் பக்கமாகவும் அசைத்துப் பார்ப்பர். அப்படியும் அசையாவிட்டால் அருங்காட்சியகத்தார் அதை அப்படியே விட்டுவிடுவர். சுடப் போவதில்லை என்னும்போது, நிப்பிளை உடைத்து எடுப்பதைவிடத் துருவை நிறுத்திப் பேணுவது மேல் அல்லவா?

பொருத்துவது கழற்றியதற்கு நேர்மாறான வரிசை. திருகை முதலில் விரலால் சுழற்ற வேண்டும். புரி பற்றிக்கொண்ட பின்பே திருப்புளி. பூட்டின் திருகுகளை அளவுக்கு மீறி முடுக்கினால் மரம் நசுங்கும். உள்ளிருக்கும் நெம்புகளும் மரத்தில் உரசி இயங்காமல் போகலாம். சமையல் எண்ணெய்கள் நாளடைவில் பிசினாகக் கூடியவை. மெல்லிய கனிம எண்ணெயே ஏற்றது.

திருப்புளி ஒன்றே போதும்

இந்தச் சிக்கலுக்கு முடிவு வந்த கதையும் இதே ரைபிளோடு தொடர்புடையது. 1854இல் பிரிட்டிஷ் குழு ஒன்று அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச் சாலைக்குச் சென்றது. அங்கே 1844 முதல் 1853 வரை ஆண்டுக்கு ஒன்றாகப் பத்துத் துப்பாக்கிகளை எடுத்துக் கழற்றி, பாகங்களைக் கலந்துவிட்டார்கள். ஒரு தொழிலாளி திருப்புளியை மட்டும் கொண்டு கலந்த பாகங்களிலிருந்து அவற்றை மீண்டும் பூட்டிக் காட்டினார், இராவத் தேவைப்படவில்லை. பிரிட்டிஷ் அரசு அமெரிக்க எந்திரங்களை வாங்கி என்ஃபீல்டு தொழிற்சாலையில் நிறுவியது. அதன்பின் அங்கு உருவான 1853 மாதிரி ரைபிள்களின் பாகங்கள் ஒன்றுக்கொன்று மாற்றத்தக்கவை ஆயின. பின்னாளில் தையல் எந்திரமும் சைக்கிளும் இதே வழியில் பெருகின.

ஆகவே, ஒரே மாதிரியைச் சேர்ந்த இரு துப்பாக்கிகள் அருகருகே கிடக்கலாம். ஒன்றின் திருகு எதிலும் பொருந்தும், மற்றொன்றின் திருகு தன் துளையில் மட்டுமே பொருந்தும். இரண்டு தொழில் யுகங்களின் எல்லைக்கோடு அந்தச் சிறு திருகில் இருக்கிறது. தவறான துளையில் முடுக்கினால் அழிவது புரி மட்டுமன்று, அந்தச் சான்றும்தான்.