ஒரு நிமிடத்துக்கு 19 லட்சம் நியூரான்கள்

மூளையின் பெரிய ரத்தக்குழாய் அடைபட்டுப் பக்கவாதம் தாக்கினால், சிகிச்சை தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் சராசரியாக 19 லட்சம் நியூரான்கள் செத்துப்போகின்றன. அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006-ல் போட்டுக் காட்டிய கணக்கு இது.

மருத்துவமனைக்குள் நுழைந்ததும் நோயாளிக்குத் தலையில் சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். குழாயில் அடைப்பா, குழாய் வெடித்து ரத்தக்கசிவா என்று உடனே தெரிந்தாக வேண்டும். அடைப்பு என்றால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கசிவு இருப்பவருக்கு அதே ஊசியைப் போட்டால் உயிருக்கே ஆபத்து. நள்ளிரவில் ஸ்கேனைப் பார்த்துச் சொல்ல ரேடியாலஜிஸ்ட் எல்லா ஊரிலும் இருப்பதில்லை. கணினி கைகொடுப்பது இங்கேதான்.

சி.டி. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000. மூளைத் திசு ஏறக்குறைய 20 முதல் 40 வரை. கசிந்து உறைந்த புது ரத்தம் 50-ஐத் தாண்டி, படத்தில் வெள்ளையாகத் தெரியும். ஆனால் சுண்ணாம்புப் படிவும் அப்படியே வெள்ளையாகத்தான் தெரியும். அதனால் எண்ணோடு வடிவம், இடம், சுற்றியுள்ள திசு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கக் கணினியைப் பழக்குகிறார்கள்.

மும்பையின் க்யூர்.ஏ.ஐ. நிறுவனம் இந்திய மையங்களிலிருந்து 3,13,000-க்கும் அதிகமான தலை ஸ்கேன்களைத் திரட்டி, பெரும்பகுதியைக் கொண்டு தன் மென்பொருளைப் பழக்கியது. பிறகு, அது பார்த்தே இராத 491 ஸ்கேன்களைக் கொடுத்துச் சோதித்தார்கள். அதே ஸ்கேன்களை 8, 12, 20 ஆண்டு அனுபவமுள்ள மூன்று ரேடியாலஜிஸ்டுகள் தனித்தனியே படித்தார்கள். அவர்களின் பெரும்பான்மை முடிவே உரைகல். முழுத் துல்லியத்துக்கு 1, குருட்டு ஊகத்துக்கு 0.5 என்ற அளவுகோலில், ரத்தக்கசிவைக் கண்டுபிடிப்பதில் மென்பொருள் 0.94 பெற்றது. 2018-ல் ‘லான்செட்’ இதழ் அந்த ஆய்வை வெளியிட்டது.

இதற்கும் எல்லை உண்டு. அடைப்பு ஏற்பட்ட முதல் சில மணி நேரத்தில் சாதாரண சி.டி.யில் எதுவும் தெரியாமல் போகலாம். கணினி ‘கசிவு இல்லை’ என்றால், பக்கவாதமே இல்லை என்று அர்த்தமல்ல. ஊசி போடும் முடிவு மருத்துவருடையதுதான். காத்திருக்கும் ஸ்கேன்களில் அவசரமானதை முதலில் அவர் கண்ணில் காட்டுவதே மென்பொருளின் வேலை. அந்த உதவி, ரேடியாலஜிஸ்ட் இல்லாத சிறிய ஊர் மருத்துவமனைகளுக்குத்தான் முதலில் போய்ச் சேர வேண்டும்.

எந்தக் கணினியும் நோயாளி வந்து சேர்ந்த பிறகுதான் உதவ முடியும். வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை துவண்டாலோ, பேச்சு குழறினாலோ கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துக்கொண்டு, உடனே 108-ஐ அழையுங்கள்.