பலகாரத் தட்டில் பார்வை படிவது குற்றமன்று

"சாப்பிடக் கூடாதென்று தெரிந்தும் அவர் கண் இனிப்பின் மீதே இருக்கிறது." நீரிழிவு நோயாளிகளின் குடும்பத்தார் எங்களிடம் அடிக்கடி கூறும் குறை இது. இதை மன உறுதியின்மை என்று எண்ணிவிட வேண்டாம். உணவைக் கண்டதும் பார்வை அதன்பால் செல்வது மூளையின் இயல்பு. உணவைத் தேடி அலைந்த காலத்தில் மனிதனுக்கு உதவிய அவ்வியல்பு, இன்று இனிப்புக் கடையின் கண்ணாடிப் பெட்டி முன்பும் கைப்பேசி விளம்பரத்தின் முன்பும் விழித்துக்கொள்கிறது.

படம் மட்டுமன்றி எழுத்தும் கவனத்தை ஈர்க்கும். 1935இல் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் என்ற உளவியலாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். அதில் சொல்லைப் படிக்காமல், அது அச்சிடப்பட்ட மையின் நிறத்தை மட்டும் கூற வேண்டும். பச்சை மையில் 'சிவப்பு' என்று இருந்தால் விடை தாமதமாகும். ஏனெனில் கண்பட்டவுடனேயே சொல்லின் பொருள் மனத்தில் நுழைந்துவிடுகிறது. பின்னர் உணவுப் பெயர்களைக் கொண்டும் இச்சோதனை நடத்தப்பட்டது. பசித்திருப்போரும் உணவுக் கட்டுப்பாட்டில் இருப்போரும் அச்சொற்களில் கூடுதலாகத் தடுமாறுவது பல ஆய்வுகளில் காணப்பட்டது.

1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் நடத்திய ஆய்வில், தாமாக முன்வந்த 36 ஆண்கள் சுமார் 6 மாதங்கள் அரைவயிற்று உணவுடன் வாழ்ந்தனர். நாளடைவில் அவர்களது பேச்சும் நினைவும் உணவையே சுற்றின. சிலர் சமையல் நூல்களைச் சேகரிக்கவும் தொடங்கினர். பசி மிகுந்தால் ஈர்ப்பும் மிகும் என்பதே இதன் பாடம்.

ஆகவே நோயாளியைப் பட்டினி போடாதீர்கள். இன்சுலின் போடுவோர் வேளை தவறினால் சர்க்கரை அளவு ஆபத்தான அளவுக்குத் தாழவும் கூடும். பசியுடன் கடைத்தெருவுக்கு அழைத்துச் செல்ல வேண்டாம். பலகாரத்தை மூடிய டப்பாவில், கண்ணில் படாத அலமாரியில் வையுங்கள். உணவியல் நிபுணர் அனுமதித்த பழத்தையும் காயையும் மேசை மீது வையுங்கள். இரவில் சமையல் காணொளிகளைத் தவிர்ப்பதும் நன்று. இயன்றவரை வீட்டில் அனைவரும் ஒரே உணவை உண்ணுங்கள்.

அவர் கண் போன இடத்தைச் சுட்டிக் கடிந்துகொள்ளாதீர்கள். வெட்கப்பட்டவர் மறைவில் உண்பார். உண்டதை எங்களிடமும் சொல்லமாட்டார். அவ்வாறு நேர்ந்தால் மருந்தின் அளவை நாங்கள் சரியாகக் கணிக்க இயலாது. ஒரு லட்டு உண்டிருந்தாலும் அதை அச்சமின்றிச் சொல்லும்படி அவரைப் பழக்குங்கள்.