கடதாசி வாழ்க்கை – 14: அயலட்டை சொன்ன சாட்சி

போன கிழமை, விவாக எழுத்து முடிந்த கையோடு, தாலி ஏறமுன்பே ஸ்பொன்சர் படிவம் நிரப்பத் தொடங்கும் வெள்ளவத்தைப் பிள்ளைகளோடு நிறுத்தியிருந்தேன். இந்தக் கிழமை எழுத்தே வைக்க முடியாதவர்களின் முறை.

அப்படியும் ஆட்கள் உண்டோ என்று கேட்காதீர்கள். 2009 மே மாதம் யுத்தம் முடிந்தபோது கணவனைத் தொலைத்துவிட்டு, மரணச் சான்றிதழ் எடுத்தால் அவர் இறந்துவிட்டார் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்ததாகிவிடும் என்று மறுத்து நிற்கும் பெண்கள் இருக்கிறார்கள். விவாகரத்து வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் தவணை தவணையாகப் போய்க்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள். நம் பொதுச் சட்டத்தில் இருவரும் மனமொத்துப் பிரிய வழியில்லை. 1907 ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் ஏற்கும் காரணங்கள் மூன்றே: பிறரோடு கூடியிருத்தல், தீய எண்ணத்தோடு கைவிட்டுப் போதல், மணக்கும்போதே இருந்த தீராத ஆண்மைக்குறை. யாரோ ஒருவர் குற்றவாளியாக நிற்கவேண்டும். அது தீரும்வரை புதிய எழுத்துக்கு இடமில்லை.

கொட்டாஞ்சேனையில் ஒரு பெண் தன் கனடா ஸ்பொன்சர் ஃபைலை என் முன்னால் விரித்து வைத்தார். கணவர் விட்டுப் போய்ப் பல வருடம்; வழக்கு முடியவில்லை. இப்போதைய துணைவர் கனடாப் பிரஜை; இங்கு வந்து அவரோடு ஒரு வருடத்துக்கு மேல் வாழ்ந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். வாடகை உடன்படிக்கையில் பெண்ணின் பெயர் மட்டும். லைட் பில்லும் தண்ணீர் பில்லும் வீட்டுக்காரரின் பெயரில். வாடகைக்குத் துண்டு கிடைப்பதில்லை. இரண்டு பெயரும் சேர்ந்திருக்கும் ஒரே அதிகாரபூர்வக் கடதாசி, பிந்தித் திறந்த வங்கிப் புத்தகம். அதன் அடியில் ஒரு கட்டுக் கல்யாணக் கார்டுகள். அயலவர்கள் தந்தவை. மேலுறையில் பேனையால், “திரு., திருமதி” என்று அந்த மனிதரின் பெயர். ஒரு கார்டின் மூலையில் மஞ்சள் அப்பியபடியே இருந்தது.

“அண்ணை, இதுகளை அவங்கள் கணக்கில எடுப்பாங்களோ?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் இந்தக் கிழமை முழுக்க என்னைச் சட்டப் புத்தகங்களுக்குள் இழுத்துப் போனது. அங்கே கண்டதைச் சொல்லாமல் மேலே போக மனமில்லை.

1881 இல் லண்டன் கோமறைக் கழகத்தின் முன் இலங்கையிலிருந்து ஒரு மேன்முறையீடு போனது. சாஸ்திரி வேலாயிதர் அரோனகரி எதிர் செம்பக்குட்டி வைகலி என்று அறிக்கைகளில் பதிவான வழக்கு. பெயர்களே சொல்லும், நம்முடைய சனங்கள். ஓர் ஆணும் பெண்ணும் கணவன் மனைவியாகக் கூடி வாழ்ந்தது நிரூபணமானால், மாறாகத் தெளிவாக நிரூபிக்கப்படும்வரை, அது முறையான திருமணத்தின் வழி வந்த வாழ்வு என்றே சட்டம் கொள்ளும் என்று நீதிபதிகள் சொன்னார்கள். நம் உரோமன் டச்சுச் சட்டமும் வைப்பு என்று நினைப்பதற்கு முன் திருமணம் என்றே நினைக்கும் என்றார்கள். 1927 இல் இலங்கையிலிருந்து போன இன்னொரு வழக்கில், தினோஹாமி எதிர் பலஹாமி, அதையே மறுபடி நிறுத்தினார்கள்.

இந்த இரண்டு இலங்கை வழக்குகளையும் இந்திய உச்ச நீதிமன்றம் இன்றுவரை திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டுகிறது. 1978 இல் பத்ரி பிரசாத் வழக்கில், சுமார் ஐம்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்களிடம் கல்யாணத்துக்கு நேரில் சாட்சி கேட்டால் எத்தனை பேர் தேறுவார்கள் என்ற பொருளில் நீதியரசர் கிருஷ்ணய்யர் எழுதினார். பழைய யாழ்ப்பாணத்தில் ஐயரும் தாலியும் இல்லாமல், பெண் சோறு பரிமாற ஆண் உண்டு தொடங்கிய குடும்பங்கள் எத்தனை! “சோறு குடுத்தது” என்று ஊர் சொன்னால் அது கல்யாணம். பதிவுப் புத்தகத்துக்கு முன்னால் அயலட்டைதான் பதிவாளர்.

கனடாவுக்கு வருவோம். 2002 இல் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டத்தின் கீழ், மணமுடிக்காமல் பன்னிரண்டு மாதம் தொடர்ச்சியாக ஒரே வீட்டில் கணவன் மனைவி போல வாழ்ந்தவர் ‘கொமன் லோ’ துணை. ஒருவருக்கு முன்னைய திருமணம் சட்டப்படி முறியாமல் இருந்தாலும், அந்த உறவு முடிந்து பிரிந்தபின் புதிய துணையோடு ஒரு வருடம் வாழ்ந்திருந்தால் விண்ணப்பிக்கலாம். ஸ்பொன்சர் செய்பவர் பிரஜையென்றால், திரும்பிப் போய் வாழ்வேன் என்று காட்டி இலங்கையில் இருந்தபடியும் செய்யலாம். நிரந்தர வதிவிடம் மட்டும் உள்ளவர் கனடாவில்தான் இருக்கவேண்டும். அவுஸ்திரேலியாவும் பொதுவாகப் பன்னிரண்டு மாதம் கேட்கிறது. பிரித்தானியா இரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்றது. 2024 ஜனவரி 31 முதல் இரண்டு வருட உறுதியான உறவு இருந்தால் போதும், ஒரே கூரை கட்டாயமில்லை.

எந்த உறவு கணவன் மனைவி உறவு போன்றது? 1980 இல் ஒன்டாரியோ நீதிமன்றமொன்று, மொலடோவிச் எதிர் பென்டினன் வழக்கில், பார்க்கவேண்டிய ஏழு விடயங்களை வகுத்தது: தங்குமிடம், அந்தரங்க வாழ்வு, வீட்டுவேலைப் பகிர்வு, வெளிப்பழக்கம், பணம், பிள்ளைகள், சமூகம் அவர்களை எப்படிப் பார்த்தது என்பது. 1999 இல் கனடிய உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. அந்தக் கடைசி வரியை வாசித்தபோது மஞ்சள் அப்பிய கார்டுதான் கண்முன் வந்தது. நம்மூர் வழக்கில் 1881 இலேயே எடைபோடப்பட்ட சாட்சியம் அது.

ஆகவே அந்த அக்காவுக்கு என் பதில்: எடுப்பார்கள், வையுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பிப் போகவேண்டாம். நம் பழைய வழக்குகளின் அனுமானம், மணமுடிக்கச் சட்டத்தடை இல்லாதவர்களுக்கானது. முதல் திருமணம் உயிரோடிருக்கும்போது இலங்கை நீதிமன்றத்தில் அது உதவாது. விசா அதிகாரியோ ஒரே முகவரியில் பன்னிரண்டு மாதம் என்பதைக் கடதாசியில் தேடுவார். வாடகை உடன்படிக்கையைப் புதுப்பிக்கும்போது இரண்டு பெயரையும் போடுங்கள். இருவரும் இலங்கையராக இருந்தால் கிராம உத்தியோகத்தரிடம் தனித்தனி வதிவிடச் சான்றிதழ் எடுத்துப் பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்குங்கள். ஐஎம்எம் 5409 படிவம் இருவரும் சேர்ந்து வாழ்வதாகச் சத்தியம் செய்யும் பத்திரம். அதில் எழுதும் திகதி மற்றப் படிவங்களோடு ஒத்துப்போகவேண்டும். டொக்டரைச் சனல் பண்ணிய துண்டு, மருந்துக்கடை பில், இரண்டு பெயருக்கும் வந்த தபால் உறை, எதையும் எறியாதீர்கள்.

கடதாசி சேர்ப்பது நமக்குப் புதிதல்ல. யுத்த காலத்தில் கொழும்பில் எந்த வீட்டில் யார் யார் என்று பொலிஸில் பதிந்தோம். 2007 ஜூன் 7 விடியற்காலை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களிலிருந்து 376 தமிழரை பஸ்களில் ஏற்றி வெளியேற்றினார்கள். அவர்களில் வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருந்தவர்களும் உண்டு. உயர் நீதிமன்றம் மறுநாளே இடைக்காலத் தடை விதித்தது. இன்ன வீட்டில் இன்னாரோடு இருந்தேன் என்று அன்று சந்தேகத்துக்குப் பதிலாகக் காட்டிய அதே விபரத்தை இன்று உறவுக்குச் சாட்சியாகக் கேட்கிறார்கள். பழைய பதிவுத் துண்டு வீட்டில் கிடந்தால் பத்திரப்படுத்துங்கள்.

ஒரே வீட்டில் வாழவே முடியாதவர்களைப் பற்றியும் இந்தக் கிழமை எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். வேலாயிதர் இடத்தைப் பிடித்துவிட்டார். கனடாவில் அதற்கென ‘கொன்ஜுகல்’ துணை என்று தனி வகை இருக்கிறது: ஒரு வருட உறவு, துணை கனடாவுக்கு வெளியே, சேர்ந்து வாழவோ மணக்கவோ முடியாத உண்மையான தடை. இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365அ பிரிவுகளின் நிழலில் வாழும் ஒருபாலினத் தம்பதியருக்கு அந்தத் தடையை எப்படிக் காட்டுவது, எதைக் காட்டுவது ஆபத்து என்பது அடுத்த கிழமை.